ஆண் காதல் காமிக்ஸ் அச்சடிக்க ஒரு அச்சகம் வேணுங்க

பெரியவர்களுக்கான ஆண்-ஆண் காதல் காமிக்ஸ் நானே எழுதி வரைகிறேன், கோவை. ஏ5 அளவு, 32 பக்கம், கறுப்பு வெள்ளை, 600 டிபிஐ பிடிஎஃப், 100 பிரதி. இரண்டு மாதமாக அலைகிறேன். காந்திபுரத்தில் ஒருத்தர் முன்பணம் வாங்கிவிட்டு, படுக்கையறைப் பக்கத்தைப் பார்த்ததும் "ஏனுங்க தம்பி, கடைல பொம்பளப் புள்ளைங்க வேலை செய்யுதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பூர்க்காரர் சட்டம் பேசினார். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377வது பிரிவு விஷயத்தில், அது குற்றமில்லை என்று 2018லேயே தீர்ப்பு வந்துவிட்டதே என்றேன், அவர் ஆபாசப் பிரிவைக் காட்டினார் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 292, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில் 294), அந்தப் பயம் நியாயம்தான். வீட்டு பிரிண்டரில் அடித்தால் புள்ளி நிழலெல்லாம் பட்டை பட்டையாக விழுகிறது. சிவகாசியில் நான் கேட்ட அச்சகக்காரர் ஆயிரம் பிரதிக்குக் குறைந்தால் வேண்டாம் என்கிறார்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் 100 பிரதி டிஜிட்டலில் அடித்து நடுப்பின் போட்டுத் தர, படத்தைப் பார்த்துப் பின்வாங்காத அச்சகம் யாருக்காவது தெரியுமா?