ரப்பர் வளையம் போட்டால் இன்ஜின் பொம்மையா?

ஒன்பதுமில்லி
"வரப்போகும் இன்ஜின்கள்" திரியில் நேற்று ஒருவர் ஜப்பானின் கேட்டோ கம்பெனி செய்கிற ஈஎஃப் 66 மின்சார இன்ஜின் மாடல் மறுபடி வந்தால் வாங்க வேண்டும் என்று ஆசையாக எழுதியிருந்தார். அதற்கு பெரம்பூர்ஷெட் சார் கொடுத்த பதில் இது: "சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டது லோகோ இல்லை, பொம்மை. காசு அதிகமாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்." பாவம், அந்த மனிதர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அங்கே சண்டை வேண்டாம் என்று தனித்திரி திறக்கிறேன்.

கேட்டோ 1965-ல் சி 50 நீராவி இன்ஜினை வெளியிட்டு ஜப்பானில் "என்" (N) கேஜை, அதாவது 9 மில்லி தண்டவாளத்தில் ஓடுகிற மாடல் ரயிலை, தொடங்கி வைத்தவர்கள். உண்மையான ஈஎஃப் 66 நீளம் 18.2 மீட்டர், 1:150-ல் அது 12 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பொருள், என் வீட்டில் 248 மில்லி தண்டவாளத் துண்டுக்கு 10 மில்லி ஏறுகிற சரிவில் எட்டு ஸ்லீப்பர் பெட்டியை வழுக்காமல் இழுக்கிறது. சத்தமே கிடையாது. பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை இதுவரை எழுந்ததில்லை. இது தரம் இல்லையென்றால், தரம் என்றால் என்ன என்று சார் முதலில் சொல்லட்டும்.

பெரம்பூர்ஷெட்
தரத்துக்கு அர்த்தம் அகராதி போடுகிறவர்களிடம் கேளுங்கள் தம்பி. நான் கேட்டது ஒன்றுதான். ரப்பர் இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது. முடிந்தது கதை.

31 வருஷம் ஷெட்டில் வேலை பார்த்தவன் நான். ஒரு லோகோவுக்கும் ரப்பர் மாட்டி அனுப்பியதில்லை. இரும்பின் மேல் இரும்பு. பிடிப்பு போதவில்லையா, எடையைக் கூட்டு. பிரிட்டிஷ் மாடல் கம்பெனி கிரகாம் ஃபாரிஷ் டீசல்களில் அப்படித்தான் செய்திருக்கிறான். உள்ளே கனமான உலோகச் சட்டம், இரண்டு போகிக்கும் (அடியில் இருக்கிற சக்கரத் தொகுதி) மோட்டார் ஓட்டம். ரப்பரே இல்லாமல் இழுக்கிறது. அவனால் முடிகிறது, உங்கள் ஜப்பான்காரனால் ஏன் முடியவில்லை?

மான்ட்ரியல்மணி
எங்கள் ஊர் மெட்ரோ 1966-ல் திறந்த நாளிலிருந்து முழுக்க ரப்பர் சக்கரத்தில்தான் ஓடுகிறது. அப்போது நான் தினமும் ஆபீசுக்குப் போவது பொம்மை ரயிலிலா சார்? 😀

பெரம்பூர்ஷெட்
மணி, அது மெட்ரோ. இங்கே பேச்சு லோகோவைப் பற்றி. உங்கள் ஊரில் பஸ்ஸுக்குக்கூட ரப்பர்தான், அதையும் கொண்டுவந்து என் கேஜில் சேர்ப்பீர்களா?

மான்ட்ரியல்மணி
என் கேஜில் எதைச் சேர்ப்பது என்பது என் இஷ்டம். உங்கள் கேஜில் நீங்கள் சேர்க்காதீர்கள்.

புதியபயணி
வணக்கம். இந்தப் பொழுதுபோக்குக்கு நான் புதிது. வீட்டில் 4 அடிக்கு 2 அடி பலகை ஒன்று இருக்கிறது. அதில் ஆர் 249 வளைவுதான் (ஆரம் 249 மில்லி) போட முடிகிறது. இந்த வளைவில் ஓடக்கூடிய முதல் இன்ஜினாக எதை வாங்கலாம்? யாராவது சொல்லுங்களேன்.

ஒன்பதுமில்லி
சாருக்கு எளிமையாகவே விளக்குகிறேன். எல்லாச் சக்கரத்திலும் ரப்பர் கிடையாது. சில சக்கரத்தில் மட்டும், மெல்லிய வளையம். மற்றவை எல்லாம் வெறும் உலோகம், மின்சாரம் அவற்றின் வழியாக வருகிறது. இவ்வளவு சின்ன இன்ஜினில் எத்தனை கிராம்தான் எடை போட முடியும்? மோட்டார், ஃப்ளைவீல், விளக்குப் பலகை எல்லாம் வைத்த பிறகு மிச்சம் இருக்கிற இடம் ஒரு சுண்டுவிரல். எடையைக் கூட்டு என்று வாயால் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. ஷெட்டில் 31 வருஷம் இருந்தீர்களே, லோகோவில் மணல் பெட்டி எதற்கு சார்? மழையில் சக்கரம் வழுக்கும்போது தண்டவாளத்தில் மணலைக் கொட்டுவது எதற்கு? நிஜ லோகோவுக்கு மணல் போட்டால் பொறியியல், மாடலுக்கு ரப்பர் போட்டால் பொம்மையா?

பெரம்பூர்ஷெட்
மணல் தண்டவாளத்தில் விழுகிறது. சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதில்லை. மணலை நிரப்பியவனிடமே மணலைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள், சபாஷ்.

"மின்சாரம் மற்ற சக்கரத்தில் வருகிறது" என்றீர்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன். நாலு அச்சு லோகோவில் எட்டுச் சக்கரம். இரண்டுக்கு ரப்பர் போட்டால் மிச்சம் ஆறுதான் மின்சாரம் எடுக்கும். பாயின்ட்டில் (பாதை பிரிகிற இடம்) பிளாஸ்டிக் மூக்கைத் தாண்டும்போது மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண் சிமிட்டும், நிற்கும். அப்புறம் விரலால் தள்ளி விடுவீர்கள். விரலால் தள்ளி ஓட்டுவதற்குப் பெயர் என்ன? பொம்மை.

ஒன்பதுமில்லி
என் இன்ஜின் எந்தப் பாயின்ட்டிலும் நின்றதில்லை. தண்டவாளத்தைத் துடைக்காதவர்கள் வீட்டில் நிற்கலாம்.

பெரம்பூர்ஷெட்
துடைக்கிற கதைக்கு வந்துவிட்டீர்களா, நல்லது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூவைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, ஒரு போகியை அதன் மேலும் மறு போகியைத் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். டிஷ்யூவில் இரண்டு கறுப்புக் கோடு விழும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? ரப்பரிலிருந்து.

அளவுகோல்
அந்தக் கறுப்பு ரப்பர் வைக்காத இன்ஜினிலும் வரும். தீப்பொறியும் தூசியும் எண்ணெயும் சேர்ந்தது அது. இது தெரியாமலா 31 வருஷம்?

அதை விடுங்கள். நீங்கள் இரண்டு பேரும் தாங்கிப் பிடிக்கிற இரண்டுமே தப்பு அளவு. பிரிட்டிஷ் "என்" கேஜ் 1:148. அந்த அளவில் 9 மில்லி தண்டவாளம் என்பது நிஜத்தில் 1332 மில்லி. பிரிட்டனில் 1435. அதாவது 103 மில்லி குறைச்சல், இன்ஜின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல நிற்கும். ஜப்பான் 1:150-ல் 9 மில்லி என்பது 1350, ஆனால் ஈஎஃப் 66 ஓடியது 1067 மில்லி பாதையில். காலை அகட்டி வைத்துக்கொண்டு போகிறது. 1:160-ல் செய்த ஷின்கான்சென் (ஜப்பான் புல்லட் ரயில்) ஒன்றுதான் சரியாகப் பொருந்துகிறது. பேசுவதானால் இதைப் பேச வேண்டும்.

பெரம்பூர்ஷெட்
அளவு தப்பாக இருக்கலாம். ரப்பர் இருக்கிறதா இல்லையா?

ஒன்பதுமில்லி
அளவுகோல் அண்ணே, ரெயில்வேக்காரர் சொந்த நாட்டுப் பாதையைப் போட்டுப் பார்க்கட்டும். நம் அகலப்பாதை 1676 மில்லி. 9 மில்லி தண்டவாளத்தில் அது 1:186 ஆகிறது. அந்த அளவில் இன்ஜின் செய்து, ரப்பர் போடாமல், எடையும் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

யாழ்தேவி_லண்டன்
அண்ணைமாரே, கையில வந்து சேராத இன்ஜினுக்கு ரப்பர் என்ன, இரும்பு என்ன? பேச்சு "வரப்போகும் இன்ஜின்கள்" திரியிலதானே தொடங்கியது. ஒரு நிறுவனத்துக்கு (பெயர் சொல்ல விருப்பமில்லை) முன்பணம் கட்டி வைத்தேன். கட்டும்போது என் மகள் ஆறாம் வகுப்பு. இப்போது அவள் ஏ லெவல் எடுக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருக்கா ஒரு மின்னஞ்சல் வரும், சாம்பல் நிற மாதிரி ஒன்றின் படத்தோட. ஜன்னல் ஓரம் திருத்தியிருக்கினம், பொறுங்கோ என்று.

கிரகாம் ஃபாரிஷை வைத்திருக்கிற பாக்மன் 2021-ல் இருந்து செய்கிற முறைதான் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிவிப்பு, அறிவித்தது பெரும்பாலும் அந்தக் காலாண்டிலேயே கடைக்கு வந்துவிடும். இன்னொரு பிரிட்டிஷ் கம்பெனி ஹார்ன்பி 2022 அக்டோபரில் டிடி 120 என்று பெரிய மேளம் அடித்தது நினைவிருக்கும். 12 மில்லி தண்டவாளம், 1:120. கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்று நீளப் பட்டியல். முதலில் கடைக்குக் கொடுக்காமல் தாங்களே நேராக விற்றார்கள். கடைக்காரருக்கு வந்த கோபம் எனக்குத் தெரியும், நான் சனிக்கிழமை போய் நிற்கிற கடைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னாலே தேநீர் தரமாட்டார்.

ஒன்பதுமில்லி
டிடி 120-ஐ இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அளவு பெரிசு, நம் பேச்சுக்குச் சம்பந்தமில்லை. அப்புறம் கேட்டோவும் சில மாதம் முன்னால் அறிவித்து, சொன்ன மாதத்தையொட்டி வெளியிட்டுவிடுகிறது. முன்பணம் கட்டி மகளை ஏ லெவல் வரை படிக்க வைக்கத் தேவையில்லை.

யாழ்தேவி_லண்டன்
என் மகளைப் பற்றி நீங்கள் கதைக்கத் தேவையில்லை. கேட்டோ ஒரு தடவை போடும், முடிந்தது என்றால் முடிந்தது. அடுத்த தடவை எப்போது என்று காத்திருக்கத்தானே வேண்டும்? அதுவும் காத்திருப்புத்தான். ரெவல்யூஷன் கம்பெனி முன்பணம் திரட்டித்தானே பெண்டலினோ ரயிலை "என்" கேஜில் கொண்டுவந்தது? முன்பணம் இல்லாவிட்டால் அந்த வண்டியே இல்லை.

மான்ட்ரியல்மணி
இப்போது முன்பணம் நல்லதா கெட்டதா? போன பத்தியில் கெட்டது என்றீர்களே.

யாழ்தேவி_லண்டன்
விளங்கினவைக்கு விளங்கும்.

சேலம்சந்திப்பு
"பொம்மை" என்ற சொல்லைக் கொஞ்சம் அளந்து பேசுங்கள் அய்யா. நம் நாட்டில் பொம்மை இறக்குமதிக்குச் சுங்க வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆக்கினார்கள். அந்த அதிகாரி முன்னால் நின்று "சார், இது பொம்மை இல்லை, அளவு மாடல்" என்று கெஞ்சியவன் நான். பெட்டியைத் திறந்து, இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுதே?" என்றார். வரி விழுந்தது.

பெரம்பூர்ஷெட்
பார்த்தீர்களா! அரசாங்கமே பொம்மை என்று சொல்லிவிட்டது. சக்கரத்தைத்தான் பார்த்திருக்கிறார். ரப்பர் கண்ணில் பட்டிருக்கும்.

சேலம்சந்திப்பு
அது ரப்பர் இல்லாத பிரிட்டிஷ் டீசல் சார்.

பெரம்பூர்ஷெட்
அப்போது அதிகாரிக்கு விஷயம் தெரியவில்லை.

ஒன்பதுமில்லி
😂😂😂 இதை யாராவது படம் எடுத்து வையுங்கள்.

இனி மறைக்க வேண்டாம். சாருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். இரண்டு வருஷம் முன்னால் இதே சாரிடம் பழைய பிரிட்டிஷ் டீசல் ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். "இரும்பின் மேல் இரும்பு தம்பி, தலைமுறைக்கும் ஓடும்" என்று சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக், டக், டக். கழற்றினால் அச்சில் இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் மயிரிழைக்கு வெடித்திருக்கிறது. அந்த விரிசல் வருகிற இடத்தில் பல் பொருந்தாமல் வண்டி ஒரு துள்ளல். காசைத் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து நான் வாங்குவதெல்லாம் பொம்மை.

பெரம்பூர்ஷெட்
கொடுக்கும்போது ஓடியது. என் வீட்டு மேஜையில் நீங்களே ஓட்டிப் பார்த்தீர்கள், பில்டர் காபியும் குடித்தீர்கள். பழைய வண்டியில் பல்சக்கரம் வெடிக்கும் என்று அப்போதே சொன்னேன். மாற்றுச் சக்கரம் இருபது நிமிஷ வேலை, வீட்டுக்கு வந்து செய்து தருகிறேன் என்றும் சொன்னேன். வரவேண்டாம் என்றது யார்?

பல்சக்கரம் வெடித்தாலும் அது லோகோ. வெடித்த லோகோ.

நிர்வாகி
வாங்கல் விற்றல் கணக்கைத் தனிமடலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதுமில்லி
சொன்னார் என்றால் எழுத்தில் காட்டட்டும்.

மான்ட்ரியல்மணி
ரப்பர் பக்கம் இருக்கிறவன்தான், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வளையம் நாள் போனால் தளர்கிறது. போன குளிர்காலத்தில் ஒன்றை மாற்ற உட்கார்ந்தேன். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஊசி முனையால் விளிம்பில் ஏற்றும்போது தெறித்துப் போனது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினேன். மறுநாள் மனைவி பெருக்கிய குப்பையில் இருந்தது, பூனை முடியோடு. நல்லவேளை, கேட்டோ உதிரி வளையத்தைப் பாக்கெட்டாக விற்கிறது.

பெரம்பூர்ஷெட்
உதிரி விற்கிறான் என்றால் என்ன அர்த்தம்? தேயும் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். நன்றி மணி.

மான்ட்ரியல்மணி
உங்கள் ஷெட்டில் பிரேக் கட்டையே மாற்றியதில்லையா? நான் உங்களுக்குச் சாதகமாக எதுவும் சொல்லவில்லை.

பெரம்பூர்ஷெட்
சொன்னது எழுத்தில் இருக்கிறது.

அளவுகோல்
கேட்டோவின் கிளேசியர் எக்ஸ்பிரஸை யாரும் எடுக்கவில்லையே. சுவிஸ் மீட்டர் பாதை ரயில், 1:150 உடம்பு, 9 மில்லி தண்டவாளம். 1000 மில்லிப் பாதை 9 மில்லி ஆக வேண்டுமானால் அளவு 1:111 இருக்க வேண்டும். எழும்பூரில் மீட்டர்கேஜ் பார்த்து வளர்ந்தவன் கண்ணில் அந்த அகலம் மண்ணைத் தூவியதுபோல உறுத்துகிறது. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பெரம்பூர்ஷெட்
யாரும் கேட்கவில்லை.

ஒன்பதுமில்லி
இது ஒன்றில் மட்டும் சாரோடு ஒத்துப்போகிறேன்.

பெரம்பூர்ஷெட்
உங்கள் ஒப்புதல் எனக்கு வேண்டாம். முதல் கேள்விக்கு வாருங்கள்.

புதியபயணி
மன்னிக்கவும், யாரும் பதில் சொல்லாததால் ஒரு நண்பரிடம் இருந்து பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிவிட்டேன். ஆர் 249 வளைவில் நன்றாகவே ஓடுகிறது. உதவ நினைத்தவர்களுக்கு நன்றி.

பெரம்பூர்ஷெட்
வாழ்த்துகள் தம்பி. அதைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரம் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள்.

ஒன்பதுமில்லி
போடாதீர்கள்.