வெடிக்கும் காட்சியில் மட்டும் படம் கிழிகிறது: எஃப்.எம்.டபிள்யூ. வி.எச்.எஸ். கேசட் குறித்து உதவி தேவை

கவாசாகிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பணி நிமித்தமாக ஜப்பானின் கனகாவா மாகாணத்தில் வசிக்கிறேன். தொண்ணூறுகளில் வெளிவந்த 'டெத் மேட்ச்' வகை மல்யுத்தக் கேசட்டுகளைப் பழைய பொருள் கடைகளில் தேடி வாங்குவது வழக்கம். அண்மையில், 1993 மே 5 அன்று கவாசாகி மைதானத்தில் எஃப்.எம்.டபிள்யூ. என்னும் ஜப்பானிய மல்யுத்த நிறுவனத்தின் நிகழ்ச்சியில் மல்யுத்த வீரர்கள் அட்சுஷி ஒனிதாவும் டெர்ரி ஃபங்கும் மோதிய போட்டியின் கேசட் கிடைத்தது. வளையத்தின் கயிறுகளை அகற்றி, தொட்டால் வெடிக்கும் முள்கம்பியைக் கட்டி, போதாக்குறைக்கு நேரவெடியும் வைத்து நடத்திய போட்டி அது. அறிமுகம் முதல் ஒனிதா வளையத்துக்குள் நுழைவது வரை படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் யாராவது முள்கம்பியில் விழுந்து வெடித்ததும், வெண்மையான பகுதியின் வலது ஓரத்தில் சீப்பின் பற்களைப் போலக் கறுப்புக் கீற்றுகள் கிளம்புகின்றன. அடுத்த கணமே படத்தின் மேற்பகுதி பக்கவாட்டில் வளைகிறது. இறுதியில் வளையமே வெடிக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம். வெறும் நீலத்திரைதான் தெரிகிறது.

கணினியில் பதிவு செய்தால், அந்த இடங்களில் சில சட்டங்கள் (ஃபிரேம்கள்) விடுபட்டு, அதன் பிறகு வர்ணனையாளரின் குரல் படத்துக்குப் பிந்தி ஓடுகிறது. ஒலி மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை தெளிவாகவே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. கோளாறு கேசட்டிலா, அதை ஓட்டும் வி.சி.ஆரிலா, யு.எஸ்.பி. பதிவுக் கருவியிலா என்பதை எவ்வாறு கண்டறிவது?

நள்ளிரவு ரசிகன் எழுதியது:

கடைக் கேசட்டுகளில் நகல் தடுப்பு இருக்கும். பதிவுக் கருவி தடுமாறுவதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

பழைய நாடா எழுதியது:

நகல் தடுப்பாக இருந்தால், படம் போட்டி முழுவதும் இருண்டும் வெளிறியும் மாறிக்கொண்டே இருக்கும். வெடி வெடிக்கும்வரை காத்திருந்து தலைகாட்டாது. கேள்வி கேட்ட நண்பர் முதலில் பதிவுக் கருவியைக் கழற்றிவிட்டு, வி.சி.ஆரை நேராகத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் அதே இடத்தில் படம் கிழிகிறதா? கேசட்டின் உறையில் வாடகைக் கடையின் ஒட்டுத்தாள் ஏதும் இருக்கிறதா? இவ்விரண்டையும் சொல்லுங்கள்.

கவாசாகிவாசி எழுதியது:

தொலைக்காட்சியில் நேராகப் பார்த்தாலும் அதே இடங்களில், அதே விதமாகத்தான் கிழிகிறது. உறையில் வாடகைக்கு மட்டும் என்று அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கிறது. கடையின் பட்டைக்குறியும் அப்படியே இருக்கிறது. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய வேறொரு வி.சி.ஆரில் கறுப்புக் கீற்றுகள் சற்றுக் குறைந்தன. ஆனால் முற்றிலும் மறையவில்லை.

பழைய நாடா எழுதியது:

அப்படியானால் விடை ஏறத்தாழக் கிடைத்துவிட்டது. இயந்திரத்தை மாற்றியும் இடம் மாறாத கோளாறு, நாடாவிலேயே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்குப் படிந்திருந்தால் அறிமுகக் காட்சியிலேயே புள்ளிகளும் கோடுகளும் தெரிந்திருக்கும்.

வி.எச்.எஸ். முறையில் படத்தின் வெளிச்சம் அதிர்வெண்ணாக மாற்றப்பட்டே நாடாவில் பதிவாகிறது. ஜப்பானும் அமெரிக்காவும் பின்பற்றிவந்த என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையில், படத்தின் வரிகளை அதனதன் இடத்தில் நிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்பு 3.4 மெகாஹெர்ட்ஸிலும், உச்சபட்ச வெண்மை 4.4 மெகாஹெர்ட்ஸிலும் அமைகின்றன. இருட்டிலிருந்து திடீரென்று வெண்மைக்குத் தாவும் ஓரங்களில் அதிர்வெண் அந்த எல்லையையும் தாண்டி ஒரு கணம் எகிறும். தேய்ந்த நாடா முதலில் இழப்பது இந்த உயர் அதிர்வெண்களைத்தான். அலையைத் தவறவிட்ட மின்சுற்று, படத்திலேயே மிக வெண்மையான இடத்தைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. தாங்கள் காணும் கீற்றுகள் அவைதாம். ஒனிதாவின் வெள்ளை பனியன் ஓரத்தையும் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அறிமுகக் காட்சியில் அந்த ஓரம் சுத்தமாக இருந்து, வெடிப்புக்கு முன்னும் பின்னும் மட்டும் அங்கே கறுப்பு இழை தெரிந்தால், வெளிச்சத்தின் மீது பழி இல்லை. நாடாவின் அந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது என்பது உறுதியாகிவிடும்.

அந்தப் பகுதி மட்டும் ஏன் தேய வேண்டும் என்று கேட்பீர்கள். வாடகைக்கு எடுத்துச் சென்ற ஒவ்வொருவரும் எந்த இடத்தில் பின்னோக்கிச் சுற்றியிருப்பார்கள், எந்தச் சட்டத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெடிப்பைப் பார்ப்பதற்காகவே எடுத்த கேசட் அல்லவா அது! நிறுத்தி வைத்திருக்கும்போது நாடா நகர்வதில்லை. ஹெட் பொருத்திய டிரம் மட்டும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1800 முறை சுழன்று, அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான இயந்திரங்கள் ஐந்து நிமிடம் போல ஆனதும் தாமாகவே அந்த நிலையிலிருந்து விலகிவிடுவதற்கு இதுவே காரணம். எனவே டெத் மேட்ச் வாடகைக் கேசட்டுகளில் மிகவும் சிதைந்திருப்பது மிகவும் விரும்பிப் பார்க்கப்பட்ட இடமாகத்தான் இருக்கும். என் கைக்கு வந்தவற்றிலும் அப்படித்தான்.

ஒலி ஏன் கெடவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஹை-ஃபை ஒலி, டிரம்மில் உள்ள தனி ஹெட்டுகளால், 1.3, 1.7 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில், படத்துக்கு அடியில் நாடாவின் ஆழ்ந்த அடுக்கில் எழுதப்படுகிறது. மேற்பரப்பு தேய்ந்தால் படம் முதலில் போகும். எச்சரிக்கைச் சங்கொலியும் வெடியோசையும் அடியில் பத்திரமாக இருக்கும்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். பூஞ்சை இருக்கிறதா என்று சுருளின் பக்கவாட்டை விளக்கொளியில் பார்த்துவிட்டு, வெண்பொடி இல்லையென்றால் நாடாவை இறுதிவரை ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். மென்தோல் துண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் மீது அசையாமல் வைத்துக்கொண்டு, டிரம்மைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள்; மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், காதுப்பஞ்சுக் குச்சியும் கூடாது. பிறகு ஹெட்டை நாடாவின் தடத்தோடு பொருத்தும் தானியங்கி டிராக்கிங்கை நம்பாமல் வெடிக்கும் இடத்திலேயே கையால் சரிசெய்யுங்கள். படக்கூர்மையை மென்மையான பக்கம் திருப்பினால் கீற்றுகள் சற்று அடங்கும். நீலத்திரை என்பது சமிக்ஞை பலவீனமானவுடன் வி.சி.ஆர். தானாகப் போடும் திரை. பட்டியலில் 'புளூ பேக்' என்பதை நிறுத்திவிட்டால், கிழிந்த படமாவது தெரியும்.

குரல் பிந்துவதற்கு மருந்து வேறு. ஒத்திசைவு குலைந்த சட்டங்களைப் பதிவுக் கருவி விழுங்கிவிடுவதால் படம் குட்டையாகிறது. ஒலியின் நீளம் குறைவதில்லை. வி.சி.ஆருக்கும் கணினிக்கும் இடையில் குலைந்த ஒத்திசைவைச் சீராக்கும் டி.பி.சி. எனப்படும் நேரத் திருத்தி இருக்க வேண்டும். விக்டர் நிறுவனத்தின் எஸ்-வி.எச்.எஸ். என்னும் உயர்தர வகை இயந்திரங்கள் சிலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. அதிலுள்ள இரைச்சல் குறைப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். வெடிப்புக்குப் பிறகு எழும் புகையை அது மெழுகிவிடும். ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியபின் புதிய வி.சி.ஆர். என்பதே கிடையாது, ஆகவே பழையதை வாங்கும்போது ஓடவிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

இவை அனைத்தையும் செய்தாலும், தேய்ந்துபோன வெண்மை திரும்பி வராது. விற்பனைக்கென்று வெளியிடப்பட்ட பிரதியைத் தேடுவதே நல்ல வழி. அதை வாங்கியவர் ஒருவர், பார்த்தவரும் பெரும்பாலும் அவர் ஒருவரே.

கொராகுவென் வரிசை எழுதியது:

கேசட்டை விட்டுவிட்டு அமெரிக்காவில் டோக்கியோபாப் நிறுவனம் வெளியிட்ட எஃப்.எம்.டபிள்யூ. டிவிடிகளை வாங்கலாமே என்று யாரேனும் சொல்லுமுன் ஒரு செய்தி: அவற்றில் வர்ணனை ஆங்கிலத்தில் சேர்க்கப்பட்டது, போட்டிகளும் பல இடங்களில் சுருக்கப்பட்டவை. எஃப்.எம்.டபிள்யூ. வீரர் ஹயபுசாவைப் புதிதாக அறிய விரும்புபவருக்கு அவை போதும். 1993ஆம் ஆண்டின் கவாசாகி வெடிப்பை ஜப்பானிய வர்ணனையோடு முழுமையாகக் காண விரும்புபவருக்குப் பயன்படாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். எல்லா வெடிப்புகளும் பெரிதாக இருந்ததாகக் கருதிக்கொண்டு நாடாவைக் குறை சொல்லக்கூடாது. 1995 ஆகஸ்ட் 20 அன்று அதே மைதானத்தில் ஐ.டபிள்யூ.ஏ. ஜப்பான் என்ற வேறொரு மல்யுத்த நிறுவனம் நடத்திய 'கிங் ஆஃப் தி டெத் மேட்ச்' இறுதிப் போட்டியில் கேக்டஸ் ஜாக் டெர்ரி ஃபங்கை வென்றார். அங்கே வளையம் வெடித்தது சப்பென்றுதான் இருந்தது, எந்தப் பிரதியில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். 2021இல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான ஏ.இ.டபிள்யூ. நடத்திய மாக்ஸ்லி, ஒமேகா வெடிப்புப் போட்டியின் முடிவில் வந்தது மத்தாப்புப் பொறிதான் என்பதை அனைவரும் அறிவர். ஆனால் தாங்கள் வைத்திருக்கும் 1993 போட்டியில் ஒனிதா வென்றபின் வெளியேறாமல், நினைவிழந்து கிடந்த ஃபங்கின் மேல் தன் உடலைக் கவிழ்த்துக்கொள்ள, வளையம் உண்மையிலேயே வெடித்தது. அந்த இடத்தில் நீலத்திரை வருவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது. பிரதியை மாற்றத்தான் வேண்டும்.

கவாசாகிவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பனியன் சோதனை கைகொடுத்தது: அறிமுகத்தில் ஓரம் சுத்தமாக இருக்கிறது, முதல் வெடிப்பை நெருங்கும்போதே கறுப்பு இழை தொடங்கிவிடுகிறது. டிரம்மைத் துடைத்து, நீலத்திரையை நிறுத்தியபின் இறுதி வெடிப்பு கிழிந்த நிலையிலாவது தெரிந்தது. பிறகு ஏல இணையதளத்தில் 'தென்ரியூ பாகுஹா' (மின்வெடிப்பு) என்று தேடி, விற்பனைப் பிரதி ஒன்றை வாங்கினேன். உறையின் முதுகு வெயிலில் வெளுத்திருந்தாலும் நாடா அதிகம் ஓடாதது, அதே வி.சி.ஆரில் எல்லா வெடிப்புகளும் வளையாமல் ஓடுகின்றன, டி.பி.சி. வழியாகச் சட்டங்களும் விடுபடவில்லை. எஞ்சிய ஐயம் ஒன்றுதான். என் சொந்தச் சேமிப்புக்காகக் கோப்பாக்கும்போது, வரியிடைப் பின்னலை (இன்டர்லேஸ்) நீக்கி வைக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

பழைய நாடா எழுதியது:

அப்படியே வையுங்கள். 720க்கு 480 அளவில், நொடிக்கு 29.97 சட்டங்களாக, இழப்பில்லாத முறையில் பதிந்த கோப்பே மூலப்பிரதி. பார்ப்பதற்குத் தனிப்பிரதி வேண்டுமென்றால், ஒவ்வொரு புலத்தையும் (ஒரு சட்டத்தின் ஒன்றுவிட்ட வரிகள் மட்டும் கொண்ட பாதிப்படத்தை) ஒரு சட்டமாக விரித்து, நொடிக்கு 59.94 சட்டங்களாக மாற்றுங்கள். 29.97 சட்டங்களாகவே நிறுத்தி பின்னலை நீக்கும் சாதாரண முறைகள் இரு புலங்களில் ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. முள்கம்பி வெடிப்பின் முதல் மின்னல் சில வேளைகளில் ஒரே ஒரு புலத்தில், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரமே இருக்கும். விடுபட்டது அந்தப் புலமாக இருந்தால், ஒனிதா கம்பியில் விழுவார், புகை எழும், வெடித்த கணம் மட்டும் கோப்பில் இருக்காது.