ஏற்காட்டிலிருந்து இறங்கும் மின்சாரக் காரை எத்தனை சதவீதம் சார்ஜ் செய்வது?

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் குடியிருந்து, சேலத்திற்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் என் மனைவியின் மின்சாரக் காரைப் பற்றி, மலைப்பாதையில் இத்தகைய வண்டி ஓட்டுவோரின் ஆலோசனையை வேண்டுகிறேன்.

காரில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. மீதமுள்ள சார்ஜைச் சரியாகக் காட்டுவதற்காக, வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றும்படி கையேடு சொல்கிறது. ஆனால், பேட்டரி நிறைந்திருந்தால், இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருப்பதில்லை. எனவே 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. அடிவாரத்தில் நிறுத்தியதும் சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை வருகிறது. ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்கும் 1,600 கிலோ வண்டியின் ஆற்றல் சுமார் 5 யூனிட். அதில் ஒரு பகுதியே திரும்பும் என்பதால், வீட்டில் 90 சதவீதத்தோடு நிறுத்திவிட்டு, வாராந்திர முழுச் சார்ஜை மட்டும் சேலத்திலேயே, மலையேறுவதற்கு முன் செய்துகொள்ளலாம் என நினைக்கிறேன். இது சரியா?

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வீட்டின் எர்த்திங்கும் சார்ஜ் செய்யும் சாக்கெட்டும். பழைய வீடு, பாறை நிலம். இரவில் சார்ஜ் ஏறும்போது 16 ஆம்பியர் பிளக்கைத் தொட்டால் சுட்டது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது. அந்தச் சாக்கெட்டை இப்போது பயன்படுத்துவதில்லை. எர்த் மின்தடையைக் கருவி கொண்டு அளந்து, சார்ஜருக்கெனத் தனி ஒயரும் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்தித் தரக்கூடிய உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் எவரையேனும் சேலம், ஏற்காடு வட்டாரத்தில் அறிந்திருந்தால், அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.