1489 சிசி அம்பாசிடருக்கு ஒன்றரை அங்குல கார்புரேட்டர் பொருந்துமா?

அம்பிக்காரன்:
அப்பா ஓட்டிய அம்பாசிடர், பெட்ரோல். அதிலுள்ள ஒன்றேகால் அங்குல எஸ்யூ எச்எஸ்2 கார்புரேட்டர் தேய்ந்துவிட்டது. த்ராட்டில் தண்டை (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திரும்பும் தண்டு) தொட்டாலே ஆடுகிறது, ஐடிலிங் (மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிலையாக இருப்பதில்லை. நண்பர் ஒன்றரை அங்குல எச்எஸ்4 தருகிறேன் என்கிறார். பெரிது போட்டால் இழுவை கூடுமா?

பழைய ஸ்பானர்:
தம்பி, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அந்த 1489 சிசியை இழுக்கும். 4,200 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குச் சுமார் 3,100 லிட்டர் காற்று. சிலிண்டர் முழுசாக நிரம்பாது, அதனால் 2,500 என்று வையுங்கள். அதற்கு எச்எஸ்2 தாராளம். எச்எஸ்4 போட்டாலும் ஓடும்; எஸ்யூ கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டன் காற்றுக்கேற்ப எழும். ஆனால் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) துளை சின்னது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் நீடிலையும் மாற்ற வேண்டும். இருப்பதிலேயே த்ராட்டில் தண்டுக்குப் புது புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) போடுங்கள். செலவு கம்மி.

அம்பிக்காரன்:
புஷ் போட்டாச்சு அண்ணே. ஐடிலிங் சீராகிவிட்டது. ஆனால் கரும்புகை!

பழைய ஸ்பானர்:
இன்ஜின் சூடானதும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். அணைந்தால் குறைவு. லேசாக ஏறி உடனே இறங்கினால் சரி.

மழைக்கால டிரைவர்:
கார்புரேட்டர் பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் டாம்பரில் ஆயில் இருக்கிறதா? என் வண்டியில் அது காலி. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் திணறும். நான் பிளக்கை மாற்றி மாற்றிக் காசைக் கரைத்தேன்.