மறுமொழி: ‘பியர் எஃபெக்ட்’ – ஒத்தோர் விளைவா, பக்கத்தார் தாக்கமா?

நண்பர்களுக்கு யாங்கோனிலிருந்து வணக்கம். பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து ஒருவர் தன் முடிவை மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘பியர் எஃபெக்ட்’ (peer effect) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘ஒத்தோர் விளைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. வயதொத்தவர்கள், நிலையொத்தவர்கள்தானே ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுகிறார்கள்?

ஐயா, பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது இது சரி. காசு பணம் என்று வரும்போது எனக்கு இடிக்கிறது. நம் முடிவை மாற்றுகிறவர் நமக்கு ஒத்தவராக இருக்க வேண்டியதில்லை, கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் போதும். மேல்மாடி அம்மா புது வளையலைக் காட்டிவிட்டுப் போன வாரமே, சீட்டு எடுத்த கீழ்வீட்டுக்காரர் தங்கக் கடைக்குப் போகிறார். இருவருக்கும் வயதும் வேறு, வருமானமும் வேறு.

பொருளியல் அறிஞர்கள் எஸ்தர் டுஃப்ளோவும் இம்மானுவேல் சயேஸும் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஓய்வூதியத் திட்டங்களை விளக்கும் கண்காட்சிக்கு வந்தால் 20 டாலர் என்று ஊழியர் சிலருக்கு மட்டும் கடிதம் போனது. கடிதம் வராத அதே துறைக்காரர்களும் கூடுதலாகப் போனார்கள். அவர்களை இணைத்தது ஒரே துறையில் வேலை பார்ப்பதுதான்.

அதனால் என் பரிந்துரை ‘பக்கத்தார் தாக்கம்’. ‘பக்கத்தார் விளைவு’ என்றால் பக்கத்தாருக்கு நேரும் விளைவு என்றும் படிக்க இடமுண்டு.

இன்னொன்றையும் பிரித்தாக வேண்டும். மின்வெட்டு கூடியபின் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு சோலார் தகடு ஏறிவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினார்களா, எல்லார் வீட்டிலும் விளக்கு அணைந்ததால் வாங்கினார்களா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பொருளியல் அறிஞர் சார்லஸ் மான்ஸ்கி 1993-இல் இதை எழுதினார்: கண்ணாடியில் ஆளும் பிம்பமும் சேர்ந்து அசையும்போது எது எதை அசைக்கிறது என்று எப்படிச் சொல்வது? இந்தக் குழப்பத்துக்குப் ‘பிம்பச் சிக்கல்’ என்றும், விளக்கு அணைந்ததால் வாங்கியதற்குப் ‘பொதுச்சூழல் ஒற்றுமை’ என்றும் வைக்கலாம். ‘ஒத்தோர்’ என்று தொடங்கினால் ஒத்தவர்கள் ஒரே மாதிரி நடப்பது இயல்புதானே என்று தோன்றி, இந்த வேறுபாடே மறைந்துவிடுகிறது.

நம்மவர்களிடம் இதற்குப் பழைய சொல்வளம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ரங்கூனில் (இன்றைய யாங்கோன்), வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் கோயிலில் கூடிப் பேசித்தான் ‘நடப்பு வட்டி’யை, அதாவது அப்போதைக்கு வழங்கும் வட்டி விகிதத்தை, முடிவு செய்தார்கள். ஆனால் அது கூடிப் பேசி எடுத்த முடிவு. பேசாமலே பார்த்து மாறுவதுதான் பக்கத்தார் தாக்கம். அப்படியானால் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குத் தனிச்சொல் வேண்டாமா? ‘கூடுமுடிவு’ என்று ஒன்று தோன்றுகிறது, காதுக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அப்புறம், மொரீஷியஸ் நண்பர்கள் அங்கே என்ன சொல் வழங்குகிறது என்று எழுதுங்கள்.