மலையேறும்போது மட்டும் எரியும் செக் இன்ஜின் விளக்கு

அம்மா ஏற்காட்டில் இருப்பதால் மாதம் மூன்று முறையாவது அஸ்தம்பட்டியிலிருந்து மலையேறுவேன். வண்டி 2016 மாடல் பெட்ரோல் கார். போன ஐப்பசி மழையில் ஒருநாள், பாதி மலைக்கு மேல் ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் இழுக்கும்போது வண்டி லேசாக உதறியது. அடுத்த முறை ஏறும்போதும் அதே உதறல், கூடவே மீட்டரில் மஞ்சள் விளக்கு. கீழே வந்து ஊருக்குள் நாலைந்து நாள் ஓட்டியதும் தானாக அணைந்துவிட்டது. மறுபடி மலை, மறுபடி விளக்கு.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை காட்டினேன். இரண்டு முறையும் ஸ்கேனர் போட்டு, "பழைய எரர்தாங்க, அழிச்சாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான். எரர் கோடு (code), அதாவது கோளாறைச் சொல்லும் எண், பதிவாகும் நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே குறித்து வைக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். விட்டு விட்டு எரியும் விளக்குக்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அது.

சரி, நாமே பார்ப்போம் என்று ஈ.எல்.எம். 327 ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருகி போனில் ஆப்பைத் திறந்தால் போதும். அடுத்த முறை விளக்கு எரிந்ததும் அம்மா வீட்டு வாசலிலேயே நிறுத்திப் பார்த்தேன். பி 0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் 2,200 ஆர்.பி.எம்., வேகம் 30, லோடு 91 சதவீதம், கூலன்ட் 94 டிகிரி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, முழுப் பாரத்தில் ஏறும்போதுதான் கோளாறு வருகிறது. சமவெளியில் சும்மா நிறுத்தி வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் கோடை அழித்தேன்.

அப்புறம் வீட்டில், இன்ஜின் ஆறிய பிறகு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) கழற்றி இரண்டாவதிலும், இரண்டாவதை மூன்றாவதிலும் மாட்டினேன். செலவில்லாத சோதனை இது. அடுத்த பயணத்தில் கோடு பி 0302 என்று வந்தது. கோளாறு காயிலின் கூடவே நகர்ந்திருக்கிறது!

கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். காயிலின் ரப்பர் குழாய்க்குள், பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருங்கோடு. அது முதலில் இருந்த மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கில், வெள்ளைப் பீங்கானிலும் அதே கருங்கோடு. பாரம் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அப்போது மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் அந்தக் கீறல் வழியே ஓடிவிடுகிறது. மேலே பனிமூட்டத்து ஈரம் அதற்கு இன்னும் வசதி. காயிலோடு நான்கு பிளக்கையும் மாற்றினேன். பங்குனி வரை எத்தனையோ முறை 20 வளைவும் ஏறியாகிவிட்டது, விளக்கு எரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். சிமிட்டினால் ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைப் பழுக்கச் சூடாக்கும்.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். எனக்கு வீடு குப்பனூர் பக்கம். என் வண்டியில் பி 0131, அதாவது புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரின் வோல்டேஜ் குறைவு. ஃப்ரீஸ் ஃப்ரேம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு: ஒருநாள் டிராஃபிக்கில் நின்றபோது, ஒருநாள் 70 வேகத்தில். எந்த ஒழுங்கும் இல்லை. அதை வைத்தே வயரைச் சந்தேகப்பட்டேன். அதிகாலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சைலென்சர் குழாயில் கை படாமல் வயரை மரக்குச்சியால் லேசாக அசைத்தேன். மனைவி போனில் கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி அசைத்ததும், "பூஜ்யத்துக்கு விழுந்துடுச்சுங்க" என்றாள். எலி கடித்த இடம். உறை போய், உள்ளே செம்பு பச்சை பூத்து இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.