வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் அளவுகோல் வைத்திருப்பவர்கள் உதவுங்களேன்

வணக்கம் ஆசிரியர்களே. பாலக்கோடு பக்கம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வளரறி (பாடம் நடக்கும்போதே செயல்பாடு, சிறுதேர்வு வழியாகப் போடுவது) 40, தொகுத்தறி (பருவத் தேர்வு) 60 என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சிக்கல் அந்த 40-ல்தான். சார்ட் ஒட்டி வந்த எல்லாருக்கும் செயல்பாட்டுக்கான 20-க்கு 18, 19 என்று போட்டுவிடுகிறோம் (நானும்தான், மறைப்பானேன்). பருவத் தேர்வில் அதே பிள்ளைகள் 60-க்கு 22 எடுக்கிறார்கள்.

ஒரு பையன், அப்பாவோடு தக்காளி மண்டிக்குப் போகிறவன். "15 கிலோ பெட்டி 330 ரூபான்னா கிலோ 22 சார்" என்று நான் பேனா எடுப்பதற்குள் சொல்லிவிடுவான். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் வெற்றுத்தாள்தான்.

மூன்று வாரமாகப் பாடம் முடிந்ததும் துண்டுச்சீட்டில் ஒரே ஒரு கணக்கு போடச் சொல்கிறேன், மதிப்பெண் கிடையாது. 11 பேர் தசமப்புள்ளியை இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று அதில்தான் பிடிபட்டது. மறுநாள் பத்து நிமிடம் அதற்கே செலவிட்டேன்.

வாய்மொழியாகச் சரியாகச் சொல்வதைச் செயல்பாட்டு மதிப்பெண்ணில் எப்படிச் சேர்க்கிறீர்கள்? துண்டுச்சீட்டை மதிப்பெண் இல்லாமலே விடலாமா? 38 பேருக்குச் சமாளிக்கக்கூடிய எளிய அளவுகோல் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். கையெழுத்தில் இருந்தாலும் போதும்.